ஒரு நொடிக்கு ஒரு முழம்

சினிமாக் கொட்டகைக்குப் பின்னால் குப்பையில் கிடக்கும் பிலிம் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். வெயிலில் தூக்கிப் பிடித்தால் நாயகனும் நாயகியும் குட்டியாகத் தெரிவார்கள். நாம் பார்த்ததெல்லாம் அவர்களைத்தான். படத்துக்கும் ஓரத்து ஓட்டைகளுக்கும் நடுவே மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய வெள்ளைப் பட்டை, ஓரம் பல் பல்லாக வெட்டியதுபோல நெளிந்து ஓடும். அச்சுப் பிழை என்றோ அலங்காரம் என்றோ நினைத்து விட்டுவிடுவோம். அந்த நெளிவுதான் குரல். முழுதாக 3 மில்லிமீட்டர்கூட அகலம் இல்லாத அந்த இடுக்கில்தான் வசனம், அழுகை, பாட்டு எல்லாம் இருந்தன.

பேசும் படத்தின் பிலிம் நொடிக்கு 24 கட்டம் ஓடுகிறது. ஒரு கட்டத்தின் உயரம் 19 மில்லிமீட்டர். பெருக்கினால் நொடிக்கு 456 மில்லிமீட்டர். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து பாருங்கள், ஏறக்குறைய அதேதான். ஒரு நொடிப் பேச்சு ஒரு முழம், அரை நொடி ஒரு சாண். பூக்காரம்மா கையை நீட்டி மல்லிகையை அளப்பதுபோல இந்தக் குரலையும் முழம் போட்டு அளக்கலாம். கூண்டில் நிற்பவன் "நான் செய்யவில்லை" என்று சொல்லி முடிக்க ஒரு முழம் பிலிம் போதும்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ரோம் நகருக்குப் போவோம். அங்கே சான் ஜொவான்னி பகுதியில், வேயோ தெருவில், 'சீனெஸ்' என்ற பழைய படநிறுவனத்தின் அரங்குகள் இருந்தன. 1913இல் 'குவோ வாதிஸ்' என்ற பிரம்மாண்டமான மௌனப்படத்தை எடுத்து உலகையே வாய்பிளக்க வைத்த நிறுவனம் அது. முதல் உலகப் போருக்குப் பிறகு நொடித்துப்போயிருந்தது. தூரின் நகரத்துத் திரையரங்கு அதிபர் ஸ்தேஃபானோ பித்தலூகா அதை வாங்கி, அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஒலிப்பதிவுக் கருவிகளைப் பொருத்தி, 1930இல் மீண்டும் திறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் முதல் பேசும் படமாக 'லா கன்ஸோனே தெல்லமோரே' (காதலின் பாட்டு) திரைக்கு வந்தது. அதையொட்டி 1930-31இல் அதே அரங்கிலிருந்து வந்தது 'கோர்த்தே தஸ்ஸீஸே'. கொலை போன்ற பெருங்குற்றங்களை ஜூரிகளை வைத்து விசாரிக்கும் நீதிமன்றத்துக்கு இத்தாலியில் அதுதான் பெயர். இயக்கியவர் குய்தோ பிரிஞ்ஞோனே. மர்ச்செல்லா அல்பானி, லியா ஃபிராங்கா, கார்லோ நிங்க்கி, ஏலியோ ஸ்தைனர் நடித்தார்கள். இத்தாலிய மொழி பேசிய முதல் கொலை மர்மப் படங்களில் ஒன்று.

மர்மக் கதைக்கு இத்தாலியர்கள் வைத்த பெயர் 'ஜல்லோ', அதாவது மஞ்சள். 1929இல் மிலானின் மொந்ததோரி பதிப்பகம் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டை போட்டு வெளியிடத் தொடங்கியது. அட்டையின் நிறமே வகையின் பெயராக நின்றுவிட்டது. ஆகவே படம் வந்தபோது 'மஞ்சள்' வாசகர்கள் தயாராக இருந்தார்கள். ஆனால் கொலைக் கதையைத் தெருவிலும் மாளிகையிலும் துரத்தாமல் ஏன் நீதிமன்றத்துக்குள் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும்? இத்தாலி மட்டும் இல்லை. ஹாலிவுட்டில் 1929இலேயே 'தி ட்ரையல் ஆஃப் மேரி டூகன்', 'மேடம் எக்ஸ்' என்று வழக்காடும் படங்கள் வந்துவிட்டன. 1930இல் இங்கிலாந்தில் ஹிட்ச்காக் 'மர்டர்!' எடுத்தார், அதிலும் ஒரு கொலை வழக்கு, அதிலும் ஜூரிகள். பேச்சு வந்ததும் வக்கீல்களுக்கு வேலை வந்தது என்று சொல்லிவிடலாம், அது உண்மையும்கூட. சாட்சியத்தை எழுத்து அட்டையில் போட்டுக் காட்டினால் நாடகம் செத்துப்போகும். ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது என்பது என் எண்ணம். அது மைக்கின் இயற்பியலில் இருக்கிறது.

அன்றைய மைக் எப்படிப்பட்டது என்று பார்த்தால் இது புரியும். தாளைவிட மெல்லிய உலோகத் தகடு ஒன்றை விறைப்பாக இழுத்துக் கட்டி, அதற்குப் பின்னால் மயிரிழை இடைவெளியில் இன்னொரு தகட்டை வைத்திருப்பார்கள். குரல் பட்டால் முன்தகடு அதிரும். இடைவெளி கூடும், குறையும். அதற்கேற்ப மின்னழுத்தம் மாறும். அந்த மாற்றம் மிகமிகச் சிறியது என்பதால் அதைப் பெருக்கும் வால்வுச் சுற்றை மைக்கோடு சேர்த்தே தொங்கவிட வேண்டும். கனமான பொருள், நடிகர் நடக்க நடக்க அவர் தலைக்கு மேலேயே அதை நகர்த்திக்கொண்டு போவது பெரும்பாடு. எல்லாத் திசையிலிருந்தும் வரும் சத்தத்தை அது பாரபட்சமில்லாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். நாயகி பேசும்போது பின்னால் ஒருவர் நாற்காலியை நகர்த்தினால் அதுவும் பதிவாகும்.

இந்த மைக்குக்கு என்ன வேண்டும்? பேசுபவர் ஓரிடத்தில் நிற்க வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது. உரக்க, திருத்தமாக, முகத்தை ஒரே பக்கம் வைத்துப் பேச வேண்டும். மற்ற எல்லாரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இவற்றை எல்லாம் சட்டமாகவே வைத்திருக்கும் ஒரே பொது இடம் நீதிமன்றம்! நீதிபதி மேடையில், சாட்சி தன் இடத்தில், குற்றம் சாட்டப்பட்டவர் கம்பிக்குள். இத்தாலிய முறையில் சாட்சியைக் கேள்வி கேட்பதும் பெரும்பாலும் தலைமை நீதிபதிதான். வக்கீல்கள் தங்கள் முறை வரும்போது எழுந்து நின்று நீளமாக வாதாடுவார்கள். மூன்று நான்கு இடங்களில் மைக்கைத் தொங்கவிட்டால் முழு வழக்கையும் பதிவு செய்துவிடலாம். ஒலிப்பதிவாளர் சொல்ல வேண்டிய "சைலன்ஸ்!" என்பதை நீதிமன்றச் சேவகரே கதைக்குள் நின்று சொல்லிவிடுவார்.

ஆனால் உண்மையான நீதிமன்றத்தில் போய்ப் படம் பிடித்திருக்க முடியாது. காரணம் எதிர்முழக்கம். கோயில் பிராகாரத்தில் கைதட்டினால் ஓசை உடனே அடங்காமல் தூணுக்குத் தூண் தாவிக்கொண்டே போகுமே, அதுதான். இதை முதன்முதலில் அளந்து கணக்காக்கியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895இல் புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியகத்து விரிவுரைக் கூடத்தில் ஆசிரியர் பேசுவது மாணவர்களுக்குப் புரியவில்லை. என்னவென்று பார் என்று இளம் உதவிப் பேராசிரியரான அவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். தெருவில் வண்டிகளும் ஆட்களும் ஓய்ந்த நள்ளிரவுக்குப் பிறகு, பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து கூடத்தில் அடுக்கினார். ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்துவார். ஓசை காதுக்கு மறையும்வரை எத்தனை நொடி என்று குறித்துக்கொள்வார். இன்னும் சில மெத்தைகளை வைத்து மறுபடி ஊதுவார். வெறும் கூடத்தில் ஐந்தரை நொடி நீடித்த முழக்கம் மெத்தை கூடக் கூடக் குறைந்துகொண்டே வந்தது. விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். இப்படி இரவிரவாக நடந்த வேலையிலிருந்து ஓர் எளிய சமன்பாடு கிடைத்தது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஓசையை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், முழக்கம் அடங்கும் நேரம் நொடியில் வரும்.

இதை நாமே போட்டுப் பார்க்கலாம். 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரத்தில் பளிங்கும் சுண்ணப் பூச்சுமான ஒரு நீதிமன்றக் கூடம் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 1920 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 992 சதுர மீட்டர். இத்தகைய கடினப் பரப்பு தன்மேல் படும் ஓசையில் நூற்றுக்கு ஐந்து பங்கு உறிஞ்சினால் அதிகம். அப்படியானால் உறிஞ்சும் பரப்பு ஏறத்தாழ 50 சதுர மீட்டர். விடை ஆறு நொடிக்கு மேல் வருகிறது. கூடத்தில் 200 பேர் வந்து உட்கார்ந்தால், அவர்களுடைய துணியும் உடலும் ஆளுக்கு அரைச் சதுர மீட்டர் உறிஞ்சும். நேரம் இரண்டு நொடியாகக் குறையும். இரண்டு நொடியும் சிறிதல்ல. நாம் நொடிக்கு நாலைந்து அசை பேசுகிறோம். முன்பு சொன்ன எட்டுப் பத்து அசைகள் அடங்காமல் மிதந்துகொண்டிருக்கும்போதே புது அசை வந்து விழும்.

நேரில் கேட்பவர்களுக்கு இதில் அவ்வளவு சிரமம் இல்லை. நமக்கு இரண்டு காது. பேசுபவர் இருக்கும் திசையிலிருந்து வருவதைப் பிடித்துக்கொண்டு, சுவரிலிருந்து வருவதை மூளை ஒதுக்கிவிடும். மைக் ஒற்றைக் காது; அதற்கு எதையும் ஒதுக்கத் தெரியாது. ஒரு தூரத்துக்கு அப்பால் நேராக வரும் குரலைவிடச் சுவரில் பட்டு வரும் குரலே ஓங்கிவிடும். நம் கற்பனைக் கூடத்தில், ஆட்கள் நிறைந்திருக்கும்போது, அந்தத் தூரம் ஒன்றே முக்கால் மீட்டர்தான். நீதிபதியின் மேடையில் இருந்து சாட்சி நிற்கும் இடமே அதைவிடத் தள்ளி இருக்கும். எனவே படத்துக்கான நீதிமன்றத்தை அரங்குக்குள் மரச்சட்டத்திலும் துணியிலும் பலகையிலும் கட்டினார்கள். அரங்கின் சுவரெல்லாம் கனத்த மெத்தைத் துணி. கூரையே இல்லாமல் மேலே விளக்குகள். கண்ணுக்குப் பளிங்கு மண்டபம், காதுக்குக் கம்பளி அறை. அந்தக் காலத்துப் படங்களில் பெரிய கூடங்களின் குரல் ஏதோ சின்ன அறையில் பேசுவதுபோல வறண்டு ஒலிப்பதற்கு இதுவே காரணம்.

விளக்கும் ஒரு தொல்லையாக இருந்தது. மௌனப்படக் காலத்துக் கார்பன் ஆர்க் விளக்குகள் இரையும், சீறும். மௌனமாக நடித்தவரை யாருக்கும் அது பொருட்டில்லை. பேச்சு வந்ததும் டங்ஸ்டன் பல்புகளுக்கு மாறினார்கள். சத்தமில்லை, ஆனால் வெக்கை. காமிராவும் தையல் இயந்திரம் போலப் பேசும் என்பதால் அதைக் கண்ணாடி பதித்த கூண்டுக்குள் அடைத்தார்கள். காமிராக்காரரும் உள்ளேயே வெந்தார்.

குரல் எப்படிப் பிலிமில் ஏறியது என்பதுதான் எனக்கு என்றும் தீராத வியப்பு. ஆர்.சி.ஏ. முறையில் மைக்கிலிருந்து வரும் மின்னோட்டம், காந்தத்துக்கு நடுவே பொருத்திய மிகச் சிறிய கண்ணாடி ஒன்றை ஆட்டுகிறது. அதன்மேல் பட்டுத் தெறிக்கும் ஒளி, ஓடிக்கொண்டிருக்கும் பிலிம் ஓரத்தில் ஒரு பிளவின் வழியே விழுகிறது. குரல் உயர்ந்தால் ஒளி அகலமாக விழும், தாழ்ந்தால் ஒடுங்கும். பிலிமைக் கழுவி எடுத்தால் மலைத்தொடர் போல ஒரு விளிம்பு. தியேட்டரில் இதையே திருப்பிச் செய்ய வேண்டும்: ஒரு விளக்கு, ஒரு மெல்லிய ஒளிக்கீற்று, அதைக் கடந்து ஓடும் பிலிம், அதற்கப்பால் ஒளிமின்கலம். ஒளி பட்டால் சில உலோகங்களிலிருந்து எலெக்ட்ரான் வெளியேறும். ஏன் என்று ஐன்ஸ்டைன் 1905இல் விளக்கியதும் 1921ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்ததும் இந்த விளைவுக்காகத்தான். கால் நூற்றாண்டுக்குள் அது ரோம் தியேட்டர் ஒன்றில் கொலைக் குற்றவாளியின் குரலைப் படித்துக்காட்டும் வேலைக்கு வந்துவிட்டது.

அந்த மலைத்தொடரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் எழுத்துகளையே ஓரளவு அடையாளம் காணலாம். 'ஆ' என்று இழுத்தால் ஒரே வடிவ மேடுகள் வரிசையாக வரும்; கட்டைக்குரல் ஆண் பேசினால் ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே நாலைந்து மில்லிமீட்டர். 'ப', 'த' போன்றவற்றில் விளிம்பு கணநேரம் நேராகிப் பிறகு திடீரென்று குத்தும். உதடோ நாக்கோ காற்றை அடைத்து வெடிப்பது அப்படியே தெரிகிறது. 'ஸ்' என்பது புழு அரித்ததுபோலப் பொடிப்பொடியான கோடுகள். சிக்கல் இங்கேதான். நொடிக்கு 5000 அதிர்வு உள்ள ஓசையின் ஒரு மேடும் பள்ளமும் 456 மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்குள், அதாவது 0.09 மில்லிமீட்டருக்குள், அடங்க வேண்டும். படிக்கும் ஒளிக்கீற்று தலைமுடியைவிட மெல்லியதாக, 0.025 மில்லிமீட்டர் அளவில் இருந்தால்தான் மேட்டைத் தனியாகவும் பள்ளத்தைத் தனியாகவும் பார்க்கும். கீற்று கொஞ்சம் தடித்தாலும், குவியம் இம்மி பிசகினாலும் இரண்டும் ஒன்றாகக் கலந்து ஓசை கரைந்துபோகும். முதலில் கரைவது 'ஸ்'. பழைய லேண்ட்லைன் போனில் பெயரைச் சொல்லும்போது "எஸ்ஸா, எஃப்ஃபா?" என்று திரும்பக் கேட்போமே, அதே குறை.

இத்தாலிய மொழிக்கு இதில் ஒரு கொடுப்பினை. அதன் சொற்கள் ஏறக்குறைய எல்லாமே உயிரெழுத்தில் முடிபவை. உயிரோசையின் வலு தாழ்ந்த அதிர்வுகளில் இருப்பதால் கருவி அதைச் சேதமின்றிக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் கொலை வழக்குக்குத் தவிர்க்க முடியாத சொல் ஒன்று உண்டு: 'அஸ்ஸஸ்ஸீனோ', கொலைகாரன். அழுத்தமான 'ஸ்' இரண்டு முறை வருகிறது. வக்கீல் கையை நீட்டி அந்தச் சொல்லை வீசும்போது ஒளிக்கீற்று சரியாக இல்லாத தியேட்டரில் அதன் கூர்மையெல்லாம் மழுங்கி, உயிரோசைகள் மட்டும் சபைக்கு வந்து சேரும்.

பிலிமில் குரலும் முகமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றினாலும், அவை ஒன்றுக்கொன்று உரியவை அல்ல. படம் காட்டும் இடத்தில் பிலிம் நொடிக்கு 24 தடவை நின்று நின்று நகர வேண்டும். குரலைப் படிக்கும் இடத்திலோ வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு விழுக்காடு வேகம் ஏறி இறங்கினாலும் பாட்டு நடுங்குவதைக் காது கண்டுபிடித்துவிடும். அதனால் இரண்டு இடங்களையும் தள்ளி வைத்து, குரலைப் படத்துக்கு 20 கட்டம் முன்னால் அச்சிடுகிறார்கள். குப்பையில் பொறுக்கிய துண்டில் நாயகன் வாயைத் திறந்திருந்தால், பக்கத்தில் இருக்கும் நெளிவு அவன் முக்கால் நொடிக்கும் சற்றுக் கூடுதலான நேரம் கழித்துச் சொல்லப்போகும் சொல்.

முகமும் குரலும் தனித்தனி பிலிமில் பதிவாகிப் பிறகுதான் ஒன்று சேர்கின்றன என்பதிலிருந்து இன்னொரு பெரிய வசதி பிறந்தது. சாட்சி பேசிக்கொண்டே இருக்கட்டும். நாம் குற்றம் சாட்டப்பட்டவளின் முகத்தைக் காட்டலாம். குரலை வெட்டாமல் படத்தை மட்டும் வெட்டலாம். நாடக மேடையில் நம் கண் பேசுபவரிடமே போகும். இங்கே கேட்பவரிடம் கொண்டுபோய் நிறுத்தலாம். நீதிமன்றம் முழுக்கக் கேட்பவர்கள்தானே? ஒரு வாக்கியம் ஓடி முடிவதற்குள் விதவையின் இமை, ஜூரியின் விரல், பார்வையாளர் வரிசையில் ஒருவரின் திடீர் அசைவு என்று கதை சொல்லிவிட முடியும். கொலைகாரன் யார் என்ற புதிருக்கு இதைவிடத் தோதான கருவி அதற்கு முன் சினிமாவுக்குக் கிடைத்ததில்லை. 1931இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் 'எம்' படத்தில் இன்னும் ஒரு படி போனார்: அங்கே கொலைகாரனைக் காட்டிக்கொடுப்பது அவனுடைய சீழ்க்கை, அதை அடையாளம் கண்டுபிடிப்பவர் பார்வையற்ற பலூன் வியாபாரி.

இத்தாலியில் வேறொரு திருப்பம் நேர்ந்தது. 1930இல் முசோலினியின் அரசு, வேற்றுமொழி பேசும் படங்களுக்கு அனுமதியில்லை என்றது. அமெரிக்கப் படங்களின் பேச்சை அழித்துவிட்டு, இசையை வைத்துக்கொண்டு, எழுத்து அட்டை சொருகிக் காட்டினார்கள். பேசும் படத்தை ஊமையாக்கிக் காட்டிய விசித்திரம். விரைவிலேயே குரல் மாற்று முறை வந்தது. 1933இல் அந்த வேலையை இத்தாலியிலேயே செய்ய வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். இதற்கிடையே 1931இல் 'கோர்த்தே தஸ்ஸீஸே' நீதிமன்றத்தின் பழைய ஜூரி முறையையும் எடுத்துவிட்டு, நீதிபதிகளோடு சேர்ந்து அமரும் உறுப்பினர்களை வைத்தார்கள். பிரிஞ்ஞோனே படம்பிடித்த அந்த மன்றம் திரையில் ஓடிய காலத்திலேயே நாட்டில் உருமாறியது. வேயோ தெரு அரங்குகள் 1935இல் தீப்பிடித்து எரிந்தன. 1937இல் நகருக்கு வெளியே சீனெசித்தா என்ற படநகரம் எழுந்தது. போருக்குப் பிந்தைய இத்தாலியப் படங்கள் பலவற்றில் நடிகரின் குரலைப் பின்னால் தனியாகச் சேர்ப்பதே வழக்கமானது. திரையில் பேசும் முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. நடிகர் நின்ற இடத்திலேயே அவர் மூச்சோடு சேர்த்துக் குரலைப் பிடித்த அந்தச் சில ஆண்டுகள், வக்கீல்கள் மொழியில் சொன்னால், நேரடிச் சாட்சியின் காலம் என்று எனக்குப் படுகிறது.

அந்த ஒலிப்பதிவாளர்களை மிகவும் வாட்டியது பேச்சைவிட மௌனம். நீதிமன்றப் படத்தில் மௌனம் கட்டாயம் உண்டு, தீர்ப்புக்கு முன்னால். அப்போது ஒலித்தடத்தின் விளிம்பு நேராகிவிடும்: பாதி கறுப்பு, பாதி தெளிவு. அந்தத் தெளிவான பாதி வழியே விளக்கொளி இடைவிடாமல் பாயும். பிலிமின் மருந்துத் துகள், தூசி, கீறல் எல்லாம் அந்த ஒளியை மறித்து மறித்துச் சத்தமாக மாறும். பேச்சு இருந்தவரை அதன் அடியில் பதுங்கியிருந்த இந்த இரைச்சல், எல்லாரும் வாய்மூடிய நொடியில் எழுந்து நிற்கும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: குரல் தாழும்போதெல்லாம் சின்னஞ்சிறு மறைப்பு ஒன்று தானாகவே நகர்ந்து தெளிவான பகுதியை ஒடுக்கிவிடும், ஒளி குறையும், இரைச்சலும் குறையும். அதன் பிறகுதான் திரையில் மௌனம் மௌனமாகக் கேட்டது.

அதற்கு முந்தைய படச்சுருள்களில் அந்த வசதி இல்லை. ஜூரித் தலைவர் எழுந்து, தாளைப் பிரித்து, வாய் திறக்கும்வரை மூன்று நொடி. மூன்று முழம் நேர்க்கோடு. என்றைக்கோ அந்தச் சுருளை ஓட்டிய ஆபரேட்டரின் கைத்தூசி ஒட்டிய இடங்களில், சட், சட் என்று மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.